இந்தப் பையைக் கொஞ்சம் புடிச்சிக்கோங்கக்கா

…இல்லக்கா, நீங்களே சொல்லுங்க, இது நாயமா? கரண்ட் ஆபீஸ்காரனுக்கு கம்பத்துல ஏற வேற நாளே கெடைக்கலியா? வருஷம் பூரா சும்மா கெடந்த லைனு, இன்னிக்குப் பாத்து மரக்கெளைய வெட்டறானாம். காலைல ஆஃப் பண்ணான், சாயங்காலந்தான் வரும்னு சொல்லிட்டான். கரண்ட் போனா எங்க தெருவுல டவரும் சேந்து படுத்துக்கும். எனக்கு ரெண்டு மணிக்கு வீடியோ கால் கீதுக்கா! உயிர் போற கால்! அதான் நாஷ்டா கூட துண்ணாம ஓடியாறேன்… இந்தாங்க, இந்தப் பையைக் கொஞ்சம் மடியில புடிச்சிக்கோங்க. ஒரு கைல கம்பி, ஒரு கைல பையின்னா, பிரேக் போட்டா நான் நேரா டிரைவர் மடியில போய் குந்திக்குவேன். ஆங்… அப்டித்தான். பத்திரம்க்கா, உள்ள லேப்டாப் கீது. மேல ஒரு டப்பா புளிசோறு கீது, சாய்ச்சிடாதீங்க.

இன்னா காலுன்னு கேக்கறீங்களா? கேக்கலியா? பரவால்ல, சொல்றேன். காஞ்சிவரம் போற வரைக்கும் இன்னா பண்றது.

நான் மேட்டுத்தெரு சுகுமார் வூடு. டிராக்டர் வெச்சிருப்பாரே, அவரு சம்சாரம். சசிரேகான்னு பேரு. வூட்ல குந்திக்கினே கம்ப்யூட்டர் வேலை பாக்கறேன். எங்க மாமியா ராணியம்மா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கு, ‘எம் மருமவ நாளெல்லாம் டைப் அடிக்குது’ன்னு. டைப் அடிக்கிறனாம்! எங்க வூட்டுக்காரு மட்டும் இன்னா, ‘அந்தப் பொட்டிய மூடிட்டு சோறு போடு’ன்றாரு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ‘இன்னா சசி எழுதற?’ன்னு கேட்டிருப்பாரா அந்த மனுசன்? சத்தியமா இல்ல.

ஆனா நான் எழுதுனது இன்னா தெரியுமா? பேரு மடை. நானே வெச்ச பேரு. ஏரியில மடை கீதில்ல… அத்தினி தண்ணியும் ஒரேடியா பாஞ்சா பயிரு இன்னாவும்? அதே மாதிரி, பரீட்சை ரிசல்ட் வர்ற அன்னிக்கு ஊரே முண்டியடிச்சிக்கினு ஒரு வெப்சைட்ல பூந்தா அது படுத்துக்கும், பாத்திருப்பீங்க. மடை இன்னா பண்ணும், ‘ஏய், வரிசையில வா’ன்னு ஒவ்வொருத்தரா உள்ள வுடும். அவ்ளோதான், சின்ன வேலை. அத்த நான் பொதுவுல வெச்சிட்டேன். யார் வேணா எடுத்துக்கலாம், பிரிச்சிப் பாக்கலாம், சேத்துக்கலாம். ஓப்பன் சோர்ஸ்னு சொல்வாங்க. இந்த மாதிரி எல்லாரும் எழுதி வெக்கிறதுக்குன்னே ஒரு பெரிய கெடங்கு கீது, இன்டர்நெட்ல. அங்கதான் மடையும் கீது.

இன்னும் புரியலியா? தோ, ஆடி மாசம் அம்மன் கோயில்ல கூழு ஊத்தறோமில்ல. வூட்டுக்கு வூடு கேவுரு மாவு வாங்கியாந்து ஒரே அண்டாவுல கொட்டறாங்க. எவன் வூட்டு மாவுன்னு யாரு பாக்கறா? சொம்புல வாங்கி வெங்காயத்த கடிச்சிக்கினு குடிச்சிட்டுப் போறோம். கம்ப்யூட்டர் ஒலகமே அப்டித்தான்க்கா ஓடுது. பேங்கு, ஆஸ்பத்திரி, ரயில் டிக்கெட்டு, எல்லாம் பெரிய பெரிய அண்டா. உள்ள கொதிக்கிறது என்னை மாதிரி எவளோ ஒருத்தி வூட்டு மாவு. இப்போ இன்னா ஆச்சின்னா, என் வூட்டு மாவுல எவனோ வெஷத்தக் கலந்துட்டான்!

எவனோன்னா… எவனோ இல்ல. நிக்கோ. எந்த ஊரு, எந்த நாடு, ஒண்ணும் தெரியாது. ஆம்பளையா பொம்பளையான்னே இப்போ சந்தேகமா கீது. ஆனா இன்னா தங்கமா வந்தான் தெரியுமா! மொத மொதல்ல நான் எழுதி வெச்சிருந்த வெளக்கத்துல ஒரு தப்பைத் திருத்திக் குடுத்தான். அப்பால ஒரு ஓட்டைய அடைச்சிக் குடுத்தான். நான் கேக்கவே இல்லக்கா, தானா வந்து வேலை செய்யறான். நம்ம கயனிக்கு கூப்புடாமயே வந்து ஒருத்தன் களை எடுத்துக் குடுத்தா இன்னா பண்ணுவோம்? ஒரு சொம்பு மோராவது குடுப்போமா இல்லியா? நான் இன்னாத்த குடுக்கறது… ‘தேங்ஸ் நிக்கோ’ன்னு எழுதுவேன்.

அப்பால ‘அக்கா’ன்னு எழுத ஆரமிச்சான். அந்த வார்த்தைய எங்கருந்து புடிச்சானோ. அப்பால ஒரு நாளு… இத்த சொன்னா நீங்க சிரிப்பீங்க… ‘சாப்டீங்களா அக்கா’ன்னு எழுதறான்! தமிள்ல! எனக்கு கண்ணுல தண்ணியே வந்துட்ச்சி. வூடு நெறைய ஆளு கீறாங்க, எல்லாருக்கும் ஆக்கிப் போடறேன், சாப்டியான்னு கேக்க ஒருத்தரு இல்ல. கடல் தாண்டி எவனோ கேக்கறான். மனசு எறங்கிட்ச்சிக்கா. அப்டியே எறங்கிட்டேன்.

அதே நேரம் இன்னும் ரெண்டு பேரு வந்தானுங்க. அவனுங்க சரியான ராங்கி. ‘இந்தம்மா தூங்குதா? எத்தினி நாளா கேக்கறோம், ஒண்ணும் பண்ண மாட்டுது. முடியலன்னா முடியறவங்க கைல குடு’ன்னு எல்லாரும் பாக்கற மாதிரி எழுதறானுங்க. எனக்கு அப்போ நடவு வேலை. ஆளு வெக்கணும், அவங்களுக்கு டீ போவணும், மாமியாளுக்கு முட்டி வலி, பொண்ணுக்கு ஜொரம். பேஜாருன்னா பேஜாரு. நான் அயுவுறேன், நிக்கோ சமாதானம் சொல்றான், ‘வுடுங்கக்கா, நான் கீறேன்ல’ன்னு. இப்போ கண்டுபுடிச்சி சொல்றாங்க… திட்டுன அந்த ரெண்டு பேரும் நிக்கோதானாம்! தானே மூணு பேரா வந்து, ரெண்டு பேரா திட்டி, ஒரு ஆளா கண்ணத் தொடச்சி வுட்டிருக்கான். இன்னா ஒரு டகால்ட்டி பாருங்க!

அவன் கைலயே சாவியக் குடுத்துட்டேன். மடையில புதுசா எது வேணா போட்டு வெளிய வுடற உரிமை. எங்க குந்திக்கினு குடுத்தேன்னு கேளுங்களேன். நம்ம உத்தரமேரூர் கல்வெட்டு கோயில் கீதில்ல, அந்த மதிலோரம். அங்கதான் டவர் நல்லா வரும். ஒரு டீய வாங்கிக்கினு ஒக்காந்து, ‘ஓகே’ன்னு ஒரே அமுக்கு. பின்னாடி செவுத்துல அந்தக் காலத்து ராஜா செதுக்கி வெச்சிருக்கான்க்கா… ஊர்ச்சபைப் பொறுப்புல யாரு குந்தலாம், யாரு குந்தக் கூடாதுன்னு. சொந்த மனையில வூடு கட்டி இருக்கணும், கணக்கு காட்டாதவன் வரக் கூடாது, அவன் மாமன் மச்சான் கூட வரக் கூடாதுன்னு. எங்கெங்கருந்தோ வந்து போட்டோ புடிச்சிக்கினு போறாங்க. நான் அந்தச் செவுத்துலயே சாஞ்சிக்கினு, மனை இல்லாத, மொகம் இல்லாத, மாமன் மச்சான் யாருன்னே தெரியாதவனுக்கு குடுத்தேன். முதுவுல கல்லு குத்திக்கினே இருந்துச்சி, அத்தக் கூட நான் கண்டுக்கல.

அய்ய, திருப்புலிவனத்துல இன்னா இவ்ளோ கும்பலு? ஓ, முகூர்த்த நாளு! யம்மா, தள்ளாதீங்க… சீர்வரிசைத் தட்டை தலைக்கு மேல தூக்குங்க, என் கண்ணை நோண்டாதீங்க… அக்கா, பையைப் புடிச்சிக்கோங்க, நான் எங்கயும் போவல… ஏங்க, எங்க தள்றீங்க, நான் இவங்கைல பேசிக்கினு கீறேன்… அட சீ…

அக்கா! அக்கோவ்! நான் பின்னாடி வந்துட்டேன்! எடம் கூட கெடச்சிட்ச்சி! கேக்குதா? நீங்க திரும்ப வேணாம், அப்டியே கேளுங்க, நான் சத்தமா பேசறேன்!

அப்பால கொஞ்ச நாளு ஒயுங்காதான் இருந்தான். நானும் நிம்மதியா நடவு முடிச்சேன். ஒரு நாளு எங்க கொயுந்தன் போன் பண்றான். மோகன்குமாரு. மெட்ராஸ்ல பெரிய கம்பெனி. பொங்கலுக்கு வந்தா என் லேப்டாப்ப எட்டிப் பாத்துட்டு, ‘இன்னா அண்ணி, பொயுது போவுதா?’ன்னு நக்கல் அடிப்பான். அவன் போன்ல கத்தறான், ‘அண்ணி, மடையில இன்னா போட்டு வெச்சிருக்கீங்க? எங்க கம்பெனி பாஸ்வேர்டு பூரா போச்சி!’ன்னு. எனக்கு மொதல்ல ஒண்ணும் புரியல. அப்பால புரிஞ்சிச்சி. ‘ஏன்டா மோகனு, நீ இத்தினி நாளா என் கூழைத்தான் குடிச்சிக்கினு என்னையே நக்கல் அடிச்சியா?’ன்னு கேட்டேன். அவனுக்கே தெரியாதாம்க்கா! அவங்க எடுத்த சரக்குக்குள்ள இன்னொரு சரக்கு, அதுக்குள்ள இன்னொண்ணு, அதுக்கும் உள்ள என் மடை. எவனும் அண்டாவைக் கவுத்துப் பாக்கல. அந்தக் கஷ்டத்துலயும் எனக்கு ஒரு செகண்டு சந்தோசமா இருந்துச்சி, மறைக்க மாட்டேன்.

நிக்கோ இன்னா பண்ணிருக்கான்னா, மடையோட புதுசுல சின்னதா ஒண்ணை சொருவி வெச்சிருக்கான். யாரு மடைய அவங்க கம்ப்யூட்டர்ல எறக்கனாலும், அது சத்தமில்லாம வூடு பூரா தேடும். பாஸ்வேர்டு எங்க, சாவி எங்கன்னு பொறுக்கி எடுத்து அவனுக்கு அனுப்பிடும். மடை வேலையும் ஒயுங்கா நடக்கும், அதான் யாருக்கும் சந்தேகம் வரல. அது மட்டுமா! என் பேரையே அதுலருந்து தூக்கிட்டான். என் வூட்ல என்னையே வெளிய நிக்க வெச்சிட்டான் பாவி. அந்தக் கெடங்குக்காரங்கைல நான் போய் அயுதா, அவனும் ஒரு பக்கம் ‘நாந்தான் ஓனரு, அந்தம்மாதான் களவாணி’ன்னு எழுதிக் குடுத்திருக்கான். பேப்பர்லல்லாம் என் பேரைத்தான் போட்டுக்கினு கீறாங்க, எழுதுனது சசிரேகான்னு.

இப்போ அந்தக் கெடங்குக்காரங்க சொல்றாங்க, நான்தான் நானுன்னு நான் நிரூபிக்கணுமாம்! எப்டி கீது கதை? நான் பெத்த புள்ளைக்கு நாந்தான் அம்மான்னு சாட்சி கொண்டாரணும். ரெண்டு மணிக்கு வீடியோ கால்ல மொகத்தக் காட்டணும். காட்டலன்னா மடைய அடியோட தூக்கிப் போட்டுடுவாங்க, என் பேரு களவாணின்னே நின்னு போவும். அதான் ஓரிக்கையில என் சிநேகிதி கீர்த்தி ஆபீசுக்கு ஓடறேன். அங்க கரண்ட் கீது.

நல்ல வேளை, ஒரே ஒரு பொருளு எங்கைல கீதுக்கா! நல்லா ஓடற சரக்கு எழுதுனவங்களுக்கு அந்தக் கெடங்குக்காரங்களே தபால்ல அனுப்பிச்சாங்க. ஒரு குச்சி. ஊதா கலரு, சுண்டு வெரல் சைஸு. லேப்டாப்ல சொருவி தொட்டா போதும், நாந்தான்னு ஒத்துக்குவான். அது நிக்கோ கைல இல்ல! உங்க மடியில கீற பைலதான் கீது, முன்னாடி ஜிப்புல! தொலைச்சா வேற குடுக்க மாட்டான், அது ஒண்ணுதான்! இன்னாக்கா? கேக்குதா? அதுக்கு ஒரு நம்பரும் போடணும், நான் வெவரமா எம் பொண்ணு பொறந்த நாளையே வெச்சிட்டேன்! மாட்டுப் பொங்கல் அன்னிக்குப் பொறந்தா, மறக்கவே மறக்காது! லேப்டாப்புக்கும் அதே நம்பருதான்!

ஏம்பா, காலேஜ் தம்பிங்களா, இன்னா சிரிப்பு? பெரியவங்க பேசிக்கினு கீறோம்ல?

ஆனா ஒண்ணுக்கா, இனிமே நான் உஷாரு. மொகம் தெரியாதவங்கைல ஒரு துரும்பு குடுக்க மாட்டேன். தோ வெங்கச்சேரி வந்துட்ச்சி, செய்யாத்துல தண்ணி பாருங்க எப்டி போவுதுன்னு… நீங்க ஒண்ணும் பேசலன்னாலும் நல்லா கேக்கறீங்கக்கா. இத்தினி நாளா நெஞ்சுல அடைச்சிக்கினு கெடந்துச்சி. எங்க வூட்ல இப்டி ஒரு ஆளு கேட்டிருந்தா நான் அந்த நிக்கோ பக்கமே தலை வெச்சிப் படுத்திருக்க மாட்டேன். சத்தியமா சொல்றேன், அவன் திருடனதுல கூட அவ்ளோ கோவம் இல்ல. ‘சாப்டீங்களா’ன்னு கேட்டது பொய்யின்னு தெரிஞ்சப்பதான் எனக்கு வயிறு எரிஞ்சிச்சி.

இந்த பிரிட்ஜ் தாண்டுனா மாகறலு, அப்பால ஓரிக்கை வர எவ்ளோ நேரம்… தோ, மாகறலே வந்துட்ச்சி, எறங்கறவங்க எறங்குங்க, ஏறறவங்க ஏறுங்க, ஏன் வாசப்படியில கூட்டம் போடறீங்க… ஆங், கெளம்பிட்ச்சி. அக்கா, அந்த டப்பா சாயல இல்ல? அக்கா? தலைய ஆட்டுங்களேன். அக்கோவ்…

இன்னா, பச்சை சீலைல்ல கட்டியிருந்தாங்க? இது யாரு மஞ்சா சீலை?

ஏங்க! ஏங்க, மஞ்சா சீலை! இங்க குந்திக்கினு இருந்த அக்கா எங்க? எறங்கிட்டாங்களா? மாகறல்லயா? பையி? என் பையி?… உங்களுக்குத் தெரியாதா? வழி வுடுங்க… வழி வுடுங்க சொல்றேன்ல, தட்டைத் தூக்குங்க! அய்யோ போச்சே! கண்டக்டர் அண்ணா, விசில் ஊதுங்க! வண்டிய நிறுத்துங்க! என் பையைத் தூக்கிக்கினு எறங்கிட்டாங்க, என் குச்சி, என் மடை, என் பேரே போச்சிண்ணா… எப்டி இருப்பாங்களா? பச்சை சீலை, அமைதியா இருப்பாங்க. பேரு? பேரு… பேரு தெரியாதுண்ணா. ஊரு மாகறலா இருக்கும், இல்ல வேற ஊரா இருக்கும்…

இன்னாது? பையி உங்க சீட்டுக்கு அடியிலயா? அவங்கதான் குடுத்துட்டுப் போனாங்களா? ‘கூட்டத்துல பின்னாடி வர முடியல, பேசிக்கினே கீதே அதோட பை’ன்னு சொன்னாங்களா? அம்மாடி… என் சாமி… குடுங்கண்ணா, குடுங்க.

ஏன், குடுங்களேன். இன்னா இழுத்து வெச்சிக்கறீங்க? நாந்தான் அது. என்னுதுதான். அடையாளம் சொல்லணுமா? என் பையை என்னுதுன்னு நான் நிரூபிக்கணுமா? இங்கியுமா! சரி, கேட்டுக்கோங்க. உள்ள லேப்டாப்பு. ஒரு டப்பா புளிசோறு. முன்னாடி ஜிப்புல ஊதா கலரு குச்சி. போதுமா?

இன்னா சிரிக்கறீங்க? இது பஸ்ஸுக்கே தெரியுமா? டிரைவருக்குக் கூட தெரியுமா? யாரு வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வாங்களா?… சரி, அப்போ நம்பர் சொல்றேன், யாருக்கும் தெரியாத நம்பரு… டேய், எவன்டா அது கோரஸா சொல்றது! காலேஜ் பசங்களா, உங்களை… மாட்டுப் பொங்கல் தேதிய சின்னக் கொயந்த கூட சொல்லும்றீங்களா. வருஷத்தையும் சொல்றான் பாருங்க, எப்டிடா கண்டுபுடிச்ச? கணக்கு போட்டுப் பாத்தியா? சும்மா அடிச்சி வுட்டியா? நாசமாப் போச்சி.

அண்ணா, வெளையாடாதீங்கண்ணா. ரெண்டு மணிக்கு நான் அங்க நிக்கணும். நான் இன்னாதான் சொன்னா நம்புவீங்க? எல்லாத்தையும் நானே கொட்டிட்டேனே. என்னுதுன்னு சொல்ல எங்கைல ஒண்ணும் மிச்சம் இல்லியே… யாரு பேசறது? தட்டு வெச்சிருக்கீங்களே, நீங்களா பெரிம்மா? இன்னா சொல்றீங்க?

‘உத்தரமேரூர்லருந்து காது கிழியுது, அந்த வாய் இதோட வாய்தான், வேற யாருக்கும் வராது, பையைக் குடுத்துடு’ன்றீங்களா?

சிரிங்க. எல்லாரும் சிரிங்க. டிரைவர் அண்ணா, நீங்க ரோட்டைப் பாத்து சிரிங்க.

குடுத்துட்டீங்களா… இருங்க, தொறந்து பாக்கறேன். இல்லண்ணா, உங்களை சந்தேகப்படல, இனிமே யாரு குடுத்தாலும் தொறந்து பாப்பேன். லேப்டாப்பு கீது. டப்பா கீது, சாயவே இல்ல, எவ்ளோ பக்குவமா வெச்சிருந்திருக்காங்க பாருங்க. ஜிப்பு… கீது. குச்சி கீது! அப்பாடா. உயிரு இப்போதான் திரும்பி வருது. ரெண்டு மணிக்கு அவங்க சந்தேகப்பட்டாங்கன்னா இந்த பஸ்ஸைத்தான் சாட்சிக்குக் கூப்புடணும். மொதல்ல நம்பரை மாத்தணும். பொண்ணு பொறந்த நாளு வேணாம்ப்பா. எங்க கல்யாண நா… சே! வாயை மூடு சசி.

அந்த அக்கா பாவம். எம் பேரு, எம் புருசன் பேரு, எம் மாமியா முட்டி வலி வரைக்கும் அவங்களுக்குத் தெரியும். அவங்க பேரு எனக்குத் தெரியாது. எதுக்கு மாகறல்ல எறங்குனாங்க, கோயிலுக்கா, ஆஸ்பத்திரிக்கா, ஒண்ணும் கேக்கல நானு. நிக்கோவையும் கேக்கல. என்னை யாரும் கேக்கலன்னு ஊரைக் கூட்டுனேனே, நான் யாரைக் கேட்டேன்?

ஆங்? இன்னாங்க மஞ்சா சீலை? நிக்கறேனேன்னு பையைக் கேக்கறீங்களா? வேணாங்க… இல்ல, கனமாதான் கீது… இவன் வேற இப்டி பிரேக் போடறான். சரி. குடுக்கறேன், குடுக்கறேன், இருங்க. மொதல்ல உங்க பேரு இன்னா? எந்த ஊரு? யாரு வூடு?

சாப்டீங்களா?